பழைய கார் எஞ்சினின் நிறத்தைச் சிறு மாடலில் பிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் கார் கிட் கட்டுபவர்கள் பாடி நிறத்தை எப்படியோ முடிவு செய்துவிடுகிறார்கள். பானெட்டைத் திறந்தால்தான் சண்டை. "இந்த ஆரஞ்சு சரியில்லையே", "இந்த வருஷத்து வண்டிக்கு நீலம் வராதே" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அப்படிக் கேட்டவைக்கும், நானே தடுமாறி விழுந்து எழுந்தவைக்கும் இங்கே பதில்கள். பெரும்பாலும் 1/24, 1/25 அளவு (நிஜ காரில் 24-இல் அல்லது 25-இல் ஒரு பங்கு) கிட்டுகளை மனதில் வைத்து எழுதியது. மற்ற அளவுகளுக்கு எங்கே மாறும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? எந்த பெயின்ட் வாங்குவது?

பெயின்ட் பிறகு. முதலில் மூன்று விவரங்களை ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தக் கம்பெனி, எந்த வருடம், எந்த எஞ்சின். "ஃபோர்டு என்றால் நீலம், செவ்ரலே என்றால் ஆரஞ்சு" என்பது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் நாம் மாட்டிக்கொள்வோம்.

நான் மாட்டிய கதையைச் சொல்கிறேன். 1965 மஸ்டாங் ஒன்றைக் கட்டினேன். 289 எஞ்சினை (எண் கன அங்குலக் கொள்ளளவு) முழுக்க நீலத்தில் அடித்து, வயரெல்லாம் இழுத்து, பெருமையாக நண்பரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இது 66 எஞ்சின் ஆச்சே" என்றார், அவ்வளவுதான். ஃபோர்டு தன் எஞ்சின்களை எல்லாம் ஒரே நீலத்துக்குக் கொண்டுவந்தது 1966 மாடல் வருடத்தில்தான். அதற்கு முந்தைய வருடம் 289-க்கு பிளாக் (எஞ்சினின் முக்கிய உடல் பாகம்) கருப்பு நிறம்; மேலே மூடும் வால்வ் கவரும் ஏர் கிளீனரும் தங்க நிறம். அதிக சக்தி கொண்ட 289 என்றால் வால்வ் கவர் குரோம். ஒரே ஒரு வருட வித்தியாசத்தில் மொத்தப் படமும் மாறிவிட்டது.

கிட்டோடு வரும் தாளை இதில் நம்பவே வேண்டாம். ஒரே அச்சில் இரண்டு மூன்று வருடத்து வண்டிகளை ஓட்டும் கிட்டுகள் நிறைய. நிறக் குறிப்பு மட்டும் பழையபடியே இருக்கும்.

சரி, எந்தக் கம்பெனிக்கு எந்த நிறம்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சுருக்கமாகச் சொன்னால் தப்பாகிவிடும், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

செவ்ரலேயின் சின்ன பிளாக் வி-8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்) வந்தது 1955-இல். அன்றிலிருந்து எழுபதுகளின் நடுப்பகுதி தாண்டும்வரை செவ்ரலே வி-8 என்றாலே ஆரஞ்சுதான். 1977 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளுக்கெல்லாம் பொதுவான நீலத்துக்கு மாறியது. பிறகு கருப்பு வந்தது. ஆனால் 1953 கார்வெட்டில் இருந்தது வி-8 இல்லை, "ப்ளூ ஃப்ளேம்" என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின். பெயருக்கேற்ப அது நீலம். அதில் ஆரஞ்சு அடித்த மாடல்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற பிரிவுகள் தனித்தனி வழி. போன்டியாக் 1965 வரை வெளிர் நீலம், 1966 முதல் வெள்ளி கலந்த மெட்டாலிக் நீலம். பியூக்கின் "நெயில்ஹெட்" வி-8 பச்சை. 1967-இல் புதிய எஞ்சின் வந்தபோது பியூக் சிவப்புக்குப் போய்விட்டது.

ஃபோர்டில் இன்னும் பின்னால் போனால், மாடல் ஏ எஞ்சின் பச்சை. 1932-இல் வந்த ஃபிளாட்ஹெட் வி-8-உம் பச்சையில்தான் தொடங்கியது. ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய வண்டி) கட்டுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் அன்றும் தங்கள் இஷ்டத்துக்குத்தான் அடித்தார்கள், நீங்களும் அடிக்கலாம்.

கிரைஸ்லரில்தான் தலை சுற்றும். அறுபதுகளில் அவர்களின் சாய்ந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் சிவப்பு. 440 போன்ற பெரிய வி-8-கள் டர்க்காய்ஸ், அதாவது பச்சையும் நீலமும் கலந்த மயில் கழுத்து நிறம். 1966 முதல் 1971 வரை வந்த ஸ்ட்ரீட் ஹெமி என்ற வி-8 ஆரஞ்சு. 1969-இல் மூன்று கார்புரேட்டரோடு வந்த 440-உம் ஆரஞ்சு. 1972-க்குப் பிறகு நீலம். ஆக, "440 என்ன நிறம்?" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. எந்த வருடத்து 440 என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

பிரிட்டிஷ் வண்டிகள் கொஞ்சம் அடக்கமானவை. ஆரம்ப கால மினியின் ஏ சீரிஸ் எஞ்சின் பச்சை. ஆஸ்டின்-ஹீலியில் வெளிர் மெட்டாலிக் பச்சை. ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினில் ஒரு வேடிக்கை: பிளாக் கருப்பு, மேலே பளபளக்கும் அலுமினிய கேம் கவர், இரண்டுக்கும் நடுவே சிலிண்டர் ஹெட்டுக்கு மட்டும் தனி நிறம். அந்த நிறத்தை வைத்தே எந்த வகை ஹெட் என்று சொல்லலாம். ஆரம்ப கால இ-டைப் வண்டிக்குத் தங்க நிறம்.

ஃபெராரியில் "டெஸ்டா ரோஸ்ஸா" என்ற பெயரே நிறக் குறிப்புதான். இத்தாலிய மொழியில் சிவப்புத் தலை என்று பொருள். கேம் கவர்களுக்கு அடித்த சிவப்பிலிருந்து வந்த பெயர்.

செவ்ரலே ஆரஞ்சும் ஹெமி ஆரஞ்சும் ஒன்றுதானே?

இல்லை. இரண்டு கம்பெனி, இரண்டு பெயின்ட். தனித்தனியாகப் பார்த்தால் ஏமாறலாம், பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். செவ்ரலே ஆரஞ்சே கூட காலப்போக்கில் ஒரே மாதிரி இருந்ததில்லை. சிவப்பு தூக்கலான ஆரஞ்சு, வெறும் ஆரஞ்சு என்று இரண்டு பெயரில் மறுசீரமைப்புப் பெயின்ட் விற்பதற்குக் காரணம் அதுதான். உங்கள் அலமாரியில் ஒரு செவ்ரலேயும் ஒரு ஹெமியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கப் போகிறது என்றால் மட்டும் வித்தியாசத்தைக் கொஞ்சம் கூட்டியே காட்டுங்கள்.

இணையத்தில் ஆயிரம் போட்டோ இருக்கிறதே, அதைப் பார்த்து அடித்தால் என்ன?

நிறத்துக்காக இல்லாமல், எது எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பயன்படுத்துங்கள். வயர் எந்தப் பக்கம் போகிறது, எந்த பாகம் கருப்பு, எது வெற்று உலோகம் என்பதற்கெல்லாம் போட்டோ பொன்னானது. நிறத்துக்கு மட்டும் நம்ப முடியாது. பழைய பிரின்ட் வெளுத்திருக்கும். புதிய போட்டோவில் கேமரா தன் விருப்பத்துக்கு வெள்ளையைத் தீர்மானித்திருக்கும். ஷெட்டுக்குள் எடுத்ததா, வெயிலில் எடுத்ததா என்பதைப் பொறுத்து அதே எஞ்சின் இரண்டு நிறம் காட்டும்.

இன்னொரு ஆபத்து, கண்காட்சிக்காகப் புதுப்பித்த வண்டி. அன்றைய தொழிற்சாலையில் ஒருபோதும் இல்லாத பளபளப்பு, குரோம் செய்த போல்ட், தவறான வருடத்து நிறம் எல்லாம் அதில் இருக்கும். அது உரிமையாளரின் ஆசை, ஆதாரம் ஆகாது. ஒரே எஞ்சினின் நான்கைந்து படங்களை எடுத்து, புதுப்பிக்காத பழைய வண்டி ஒன்றாவது அதில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நிஜ எஞ்சினுக்கான ஸ்பிரே கேனையே மாடலுக்கு அடிக்கலாமா? நிறம் அச்சு அசலாக இருக்குமே?

நிறம் இருக்கும், பிளாஸ்டிக் இருக்காது. கொஞ்சம் மிகைதான், ஆனால் பல கேன்களில் உள்ள கரைப்பான் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினைத் தின்றுவிடும். மேல்பரப்பு வெடித்த களிமண் மாதிரி ஆகும். நல்ல ப்ரைமர் (அடிப்பூச்சு) இரண்டு மெல்லிய பூச்சு கீழே இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனாலும் கிட்டின் காலி சட்டத்தில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்துப் பார்க்காமல் அடிக்காதீர்கள்.

அடுத்தது, அந்த கேன்கள் கனமாகக் கொட்டும். பெயின்ட் பூச்சு 40 மைக்ரான் தடிமன் என்று வையுங்கள். 1/24-இல் அது நிஜத்தில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சமம். போல்ட் தலை, வார்ப்பில் உள்ள எண் எல்லாம் மூழ்கிப்போகும். அந்த நிறம்தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், கேனிலிருந்து ஒரு சிறு கண்ணாடி பாட்டிலில் பீய்ச்சி இறக்கி, மூடியைத் தளர்த்தி வைத்து, வாயு முழுக்க வெளியேறிய பிறகு தின்னர் கலந்து ஏர்பிரஷில் அடியுங்கள். வெளிக்காற்று வரும் இடத்தில், முகமூடியோடு. அவசரப்பட்டு மூடியை இறுக்கினால் பாட்டில் பொங்கும், சொல்லிவிட்டேன்.

சரியான நிறத்தையே அடித்தேன். மாடலில் கருத்துத் தெரிகிறதே?

இதுதான் இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி. நீங்கள் அடித்தது சரியான நிறம்தான், பார்க்கும் தூரம் மாறிவிட்டது.

1/24 மாடலை 30 செ.மீ. தூரத்தில் பிடித்துப் பார்க்கிறீர்கள். 30-ஐ 24-ஆல் பெருக்கினால் 7.2 மீட்டர். அதாவது நிஜ காரை ஏழு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் காட்சியை உங்கள் மாடல் காட்ட வேண்டும். அவ்வளவு தூரத்தில் நிஜ எஞ்சினின் நிறம் கொஞ்சம் வெளுத்து, மங்கி, முனை மழுங்கித்தான் தெரியும். அதோடு, சின்னப் பொருளில் வெளிச்சம் விழும் பரப்பும் சின்னது. குறுகலான எஞ்சின் அறைக்குள் மாடல் எஞ்சினை இறக்கினால் பாதி நிழலில் போய்விடும். ஆகவே அசல் நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி அடித்தால்தான் கண்ணுக்கு அசலாகத் தெரியும்.

எவ்வளவு வெளுப்பு? 1/8 போன்ற பெரிய மாடலுக்கு எதுவும் வேண்டாம், அங்கே தூரம் 2.4 மீட்டர்தான். 1/24-க்குப் பத்துத் துளிக்கு ஒரு துளி வெளிர் நிறம் என்று தொடங்குகிறேன், தேவைப்பட்டால் கூட்டுகிறேன். 1/43-இல் அதே 30 செ.மீ. என்பது 12.9 மீட்டர், அங்கே இரண்டு துளி வரை போகலாம். இது சூத்திரம் இல்லை, கை பழக்கம். கருப்புக்கும் இதே விதிதான்: எஞ்சின் பாகங்களுக்கு முழுக் கருப்பு அடித்தால் அது ஓட்டை மாதிரி தெரியும். அடர் சாம்பல் நிறமே கருப்பாகத் தெரியும்.

ஆரஞ்சை வெளுப்பாக்க வெள்ளை சேர்த்தேன், இளஞ்சிவப்பாகிவிட்டது!

ஆகத்தான் செய்யும். சிவப்புக் குடும்பத்தோடு வெள்ளை சேர்ந்தால் ரோஜா நிறம் எட்டிப்பார்க்கும். வெள்ளைக்குப் பதில் மஞ்சளோ, மணல் நிறமோ, தோல் நிறமோ சேருங்கள்.

தாமியா கம்பெனியின் அக்ரிலிக் மாடல் பெயின்ட்டில் செவ்ரலே ஆரஞ்சுக்கு நான் தொடங்கும் கலவை இது: எக்ஸ்-6 ஆரஞ்சு மூன்று பங்கு, எக்ஸ்-7 சிவப்பு ஒரு பங்கு. இதைக் கலக்கி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் தடவி உலர விடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், உலர்ந்தால் மாறும். சிவப்பு தூக்கினால் ஆரஞ்சு அரைப் பங்கு சேருங்கள். சரியாக வந்ததும் எக்ஸ்எஃப்-57 பஃப் நிறத்தைத் துளித்துளியாக விடுங்கள். முதல் துளியில் ஒன்றும் தெரியாது. இரண்டாவதில் ஆரஞ்சின் கூச்சல் அடங்கும். மூன்றாவதில் அது பெயின்ட் பாட்டிலிலிருந்து வந்த மாதிரி இல்லாமல், ஒரு வார்ப்பிரும்புக் கட்டியின் மேல் இருக்கும் நிறம் மாதிரி ஆகும். அங்கே நிறுத்திவிடுங்கள். பஃப் மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் என்பதால் பளபளப்பும் ஓரளவு குறையும், அது இலவச லாபம்.

நீலத்துக்கு வெள்ளையே போதும். ஃபோர்டு நீலத்துக்கு எக்ஸ்-4 நீலத்தில் சில துளி வெள்ளை.

எந்த வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது?

பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம், நேர் வெயில் படாமல். ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். ஒரு ராத்திரி மஞ்சள் பல்பின் கீழ் ஒரு பியூக் பச்சையை உயிரைக் கொடுத்துக் கலந்தேன். காலையில் பார்த்தால் அது நீலம். மாடல் கடைசியில் எந்த அலமாரியில், எந்த விளக்கின் கீழ் நிற்கப் போகிறதோ அங்கேயும் ஸ்பூனை ஒருமுறை கொண்டுபோய்ப் பாருங்கள்.

போன்டியாக் மாதிரி மெட்டாலிக் நிறங்களுக்கு?

நிஜ கார் பெயின்டில் இருக்கும் அலுமினியத் துகள் 20 மைக்ரான் என்றாலும், 1/24-இல் அது அரை மில்லிமீட்டர் துகளாகத் தெரியும், ஜரிகைப் புடவை மாதிரி மின்னும். ஆகவே மிக நுண்ணிய துகள் உள்ள மாடல் பெயின்ட்டைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் வெள்ளி நிறத்தை அடியில் அடித்து, அதன்மேல் ஒளி ஊடுருவும் நீலத்தை மெல்லிய படலமாக ஏற்றுங்கள். இரண்டு படலம் வெளிர், மூன்று படலம் அடர்த்தி. கலக்காமலே நிறத்தைக் கட்டுப்படுத்த இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

அடிப்பூச்சு என்ன நிறம்?

ஆரஞ்சும் சிவப்பும் மூடும் சக்தி குறைந்தவை. சாம்பல் ப்ரைமர் மேல் அடித்தால் அழுக்காகத் தெரியும், மூடுவதற்காக மேலும் மேலும் அடித்து விவரங்களை மூழ்கடிப்பீர்கள். வெள்ளையோ இளஞ்சிவப்போ அடியில் போடுங்கள். நீலம், பச்சைக்கு சாம்பல் போதும். எனாமல் வகைப் பெயின்ட்டுக்கு மேல் லாக்கர் வகை மட்டும் அடிக்காதீர்கள், சுருங்கிவிடும். லாக்கர் மேல் எனாமல் பரவாயில்லை.

எஞ்சின் முழுக்க ஒரே நிறம்தானா?

பெரும்பாலான மாடல்கள் இங்கேதான் தோற்கின்றன. நிறம் அச்சு அசலாக இருக்கும், அது போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போயிருக்கும்.

தொழிற்சாலையில் எஞ்சினை ஓரளவு கோத்த பிறகு மொத்தமாக ஸ்பிரே அடிப்பது வழக்கம். அதனால் பிளாக், ஹெட், ஆயில் பான், தண்ணீர் பம்ப், அவற்றின் போல்ட் எல்லாம் எஞ்சின் நிறம். போல்ட் தலைகளை வெள்ளியில் தொட்டு அழகு பார்ப்பது நமது வழக்கமே தவிர அவர்களுடையது இல்லை.

கிட்டில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே பாகமாக, இடது வலது என்று இரண்டு பாதியாக வரும். உடனே கை தானாக இரண்டுக்கும் ஒரே நிறம் அடிக்கும். கியர்பாக்ஸ் வேறு இடத்திலிருந்து வந்து சேர்ந்த பொருள். அறுபதுகளின் ஆட்டோமேட்டிக் பெட்டிகள் பல வெற்று அலுமினியம், பழைய பெட்டிகள் வார்ப்பிரும்பு. எஞ்சினை அடித்து உலர்ந்ததும் பின்பக்கம் இணையும் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, எக்ஸ்எஃப்-16 மேட் அலுமினியம் அடியுங்கள். இந்த ஒரு கோடு மட்டும் நேராக விழுந்தால் மாடலின் தரமே ஒரு படி ஏறும்.

கார்புரேட்டர் வெள்ளி என்று நினைப்பார்கள். ஹோலி கார்புரேட்டர்கள் இரசாயனப் பூச்சால் மஞ்சள் கலந்த தங்க நிறத்தில் இருக்கும். மேட் அலுமினியத்தின் மேல் ஒளி ஊடுருவும் மஞ்சளும் துளி பழுப்பும் கலந்து ஒரு மெல்லிய படலம் போதும். ஸ்ட்ரீட் ஹெமியின் அகலமான வால்வ் கவர் சுருக்கம் விழுந்த கருப்பு. 1/24-இல் அந்தச் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஏர்பிரஷைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பெயின்ட் பாதி உலர்ந்து விழும்படி அடித்தால் அந்தச் சொரசொரப்பு வந்துவிடும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு என்ன நிறம்?

வெற்று வார்ப்பிரும்பு. புதிதில் இருண்ட சாம்பல், கொஞ்ச நாளில் பழுப்பு. தொழிற்சாலையில் விளிம்பில் தெறித்த எஞ்சின் பெயின்ட், வண்டி ஓடத் தொடங்கியதும் எரிந்துவிடும். அதனால் கன்மெட்டல் அடித்து, உலர்ந்தபின் துருப் பழுப்புத் தூளை மென்மையான பிரஷால் தேய்த்தால் போதும். புத்தம் புது ஷோரூம் வண்டி என்றால் இணையும் விளிம்பில் மட்டும் லேசாக எஞ்சின் நிறத் தெறிப்பு விடலாம். தெரிந்தவர் பார்த்தால் சிரிப்பார், நல்ல அர்த்தத்தில்.

பளபளப்பு எவ்வளவு இருக்கலாம்?

பாடியைவிடக் கண்டிப்பாகக் குறைவாக. அரைப் பளபளப்பு சரி. முழுப் பளபளப்பு எஞ்சினைப் பொம்மையாக்கும், முழு மேட் அதைக் கல்லாக்கும்.

கிட்டில் குரோம் பூசி வந்த வால்வ் கவரை எஞ்சின் நிறத்தில் அடிக்க வேண்டும். மேலேயே அடிக்கலாமா?

வேண்டாம், பெயின்ட் உரிந்து வரும். துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறவைத்தால் குரோம் கரைந்துவிடும். பிளீச்சோடு வேறு எந்த சுத்திகரிப்புத் திரவத்தையும் கலக்காதீர்கள். கழுவி, ப்ரைமர் போட்டு அடியுங்கள்.

வாஷ் (பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட்) அவசியமா?

எஞ்சினுக்கு மட்டும் ஆம். ஆனால் கருப்பு வாஷ் வேண்டாம். ஆரஞ்சு எஞ்சினுக்கு அடர் பழுப்பு, நீலத்துக்கு கருநீலம் கலந்த சாம்பல். பள்ளங்களில் மட்டும் தங்கும்படி விட்டு, மேட்டில் உள்ளதைத் துடைத்துவிடுங்கள்.

"எஞ்சின் ரெட்" என்றே பெயர் போட்ட மாடல் பெயின்ட் கிடைக்கிறதே, அதை அப்படியே அடித்தால் போதாதா?

நல்ல தொடக்கம். ஆனால் அந்தப் பெயர் எந்த வருடத்து எஞ்சினைச் சொல்கிறது என்று பாட்டிலில் இருக்காது. வெளுப்பும் அவர்கள் சேர்த்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஸ்பூனில் அடித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பிடித்த நிறத்தை அடுத்த மாடலுக்கும் அப்படியே கொண்டுவர முடியுமா?

துளிகளை எண்ணிக் கலந்திருந்தால் முடியும். கண் அளவில் கலந்திருந்தால் முடியாது. நான் அடித்த ஸ்பூன் ஒவ்வொன்றின் காம்பிலும் கார், வருடம், எஞ்சின், எத்தனை துளி, அடியில் என்ன ப்ரைமர் என்று பென்சிலால் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். ப்ரைமரை எழுத மறந்த ஸ்பூன்கள் நான்கைந்து இருக்கின்றன. அருமையான ஆரஞ்சுகள், இன்றுவரை மறுபடி வரவில்லை.